தும்மல் மாத்திரையும் சுண்டெலியின் நுரையீரலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடிநாயக்கனூரில் பிறந்தவன் நான். மருந்தியல் படித்துவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு விலங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் கேரள எல்லையில் உள்ள குமுளியில் தம்பியின் மருந்துக்கடையில் உட்காருவது வழக்கம். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள்தான் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர். "அண்ணே, ராத்திரி முழுக்க இழுப்பு. ஒரு அட்டை செட்டிரிசின் கொடுங்க" என்று கேட்பார்கள். இழுப்பு என்றால் ஆஸ்துமா மூச்சிழுப்பு; செட்டிரிசின் தும்மல், அரிப்புக்குப் போடும் அலர்ஜி மாத்திரை.

போன வருஷம் ஒரு அம்மா தன் மகளோடு வந்திருந்தார். மகள் பி.ஃபார்ம் கடைசி வருஷம். "எங்க புராஜெக்ட்ல எலிக்கு இதே வகை மருந்துதான் கொடுத்தோம் சார், நுரையீரல் அழற்சி நல்லா குறைஞ்சது" என்றாள். அம்மா உடனே, "அப்ப எனக்கும் இந்த மாத்திரையே போதும்தானே, பம்பு எதுக்கு?" என்றார். பம்பு என்று அவர் சொன்னது வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் இன்ஹேலரை. கடையில் நின்றுகொண்டு நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. அதன் பிறகு பலரும் அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். அவற்றுக்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

அலர்ஜி மாத்திரை உடம்பில் எதைத் தடுக்கிறது?

ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையை. மூக்கு, தோல், மூச்சுக்குழல் என்று வெளியுலகம் நம் உடம்பைத் தொடுகிற இடங்களில் எல்லாம் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன. அவற்றின் உள்ளே சிறு சிறு மணிகளாக ஹிஸ்டமின் அடைந்து கிடக்கிறது. போடியில் இலவம் பஞ்சு அடிக்கும் இடத்துக்குள் நுழைந்ததும் ஒருவருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. முன்னவரின் மாஸ்ட் செல்கள்மேல் அந்தத் தூசிக்கென்றே உருவான ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கலாம். தூசி அதைத் தொட்டதும் செல் தன் மணிகளைக் கொட்டிவிடும். கொட்டிய ஹிஸ்டமின், மற்ற செல்களின் மேல் அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் எச்1 என்ற ஏற்பியில் போய் உட்கார்ந்தால் அரிப்பு, தும்மல், மூக்கில் நீர். மாத்திரை அந்த ஏற்பியைத் தான் பிடித்துக்கொள்கிறது. மணிகள் கொட்டுவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை. மணிகளோடு கூடவே வெளியே வருகிற மற்ற பொருள்களும் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த மருந்துகள் முதலில் எந்த விலங்கில் சோதிக்கப்பட்டன?

கினிப்பன்றியில். பழைய பாடநூல்களில் சீமைப்பெருச்சாளி என்று இருக்கும். ஹென்றி டேல், லெய்ட்லா என்ற ஆய்வாளர்கள் 1910இல் ஹிஸ்டமினின் செயல்களை விவரித்தபோதே, கினிப்பன்றியின் மூச்சுக்குழல் அதற்கு எவ்வளவு கடுமையாகச் சுருங்குகிறது என்பது தெரிந்துவிட்டது. மிகக் கொஞ்சம் போதும், மூச்சு அடைத்துவிடும். 1937இல் பாரிசில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டௌபும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து, ஹிஸ்டமினிலிருந்து கினிப்பன்றியைக் காப்பாற்றிக் காட்டினார்கள். அந்தப் பொருள் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நஞ்சு. ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1940களிலேயே மனிதருக்கான மருந்துகள் வரிசையாக வந்துவிட்டன. போவேக்கு 1957இல் நோபல் பரிசு.

நான் படித்த காலத்தில் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டைக் கொண்டு ஒரு செய்முறை இருந்தது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளத் துண்டை உப்புக்கரைசலில் 37 டிகிரிச் சூட்டில் தொங்கவிட்டு, கீழ்முனையைக் கட்டி, மேல்முனையில் ஒரு நெம்புகோலை நூலால் இணைப்போம். எதிரே புகை படிந்த தாள் சுற்றிய உருளை மெதுவாகச் சுழலும். ஒரு துளி ஹிஸ்டமின் விழுந்ததும் குடல் சுருங்கும். கருந்தாளில் வெள்ளைக் கோடு சர்ரென்று மேலே ஏறும். கழுவிவிட்டு, ஹிஸ்டமினைத் தடுக்கும் மெபிரமின் கலந்து, மறுபடி அதே ஒரு துளி விட்டால் கோடு கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். ஏற்பி என்றால் என்ன என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது இந்தப் பாடம் பெரும்பாலும் கணினித் திரையில் நடக்கிறது. அது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ஏன் சுண்டெலிக்கு மாறினார்கள்?

கேள்வி மாறியதால் விலங்கும் மாறியது. ஹிஸ்டமின் உடனே உண்டாக்கும் சுருக்கத்தைப் பார்க்கக் கினிப்பன்றி போதும். ஆனால் ஆஸ்துமா அந்த நிமிடத்தோடு முடிகிற நோய் கிடையாது. மூச்சுக்குழல் சுவரில் நாள்கணக்காக நிற்கும் அழற்சிதான் அதன் அடிப்படை. சுவர் வீங்குகிறது, சளி சுரப்பிகள் பெருக்கின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அதை ஆராய நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒவ்வொரு கண்ணியையும் அளக்கும் வசதி வேண்டும். சுண்டெலிக்கு அந்த வசதிகள் ஏராளம். மரபணுவை நீக்கியும் பார்க்கலாம். 25 கிராம்தான் எடை என்பதால் மருந்தும் குறைவாகவே செலவாகும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: சுண்டெலிக்குத் தானாக ஆஸ்துமா வருவதில்லை. நாம்தான் வரவழைக்கிறோம். ஹிஸ்டமினுக்கு அதன் மூச்சுக்குழல் பெரிதாகச் சுருங்குவதும் இல்லை. அதன் மாஸ்ட் செல்களில் செரோடோனின் என்ற வேறொரு பொருள் நிறைய உண்டு, வேலையில் பெரும்பங்கை அது செய்துவிடுகிறது. ஹிஸ்டமினைத் தடுக்கிற மருந்தை, ஹிஸ்டமினைப் பெரிதாகப் பொருட்படுத்தாத மூச்சுக்குழலில் சோதிக்கிறோம் என்ற சங்கடம் இந்தச் சோதனையோடு ஒட்டிப் பிறந்தது.

எலிக்கு முட்டை வெள்ளைக்கருவைக் கொடுத்தா அலர்ஜி உண்டாக்குகிறார்கள்? அப்படியானால் முட்டை சாப்பிட்டால் இழுப்பு வருமா?

முதல் கேள்விக்கு ஆமாம். வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமின் என்ற புரதம் மலிவு, சுத்தமாகக் கிடைக்கும், எலிக்கு அந்நியம். அதனால்தான் அதை எடுத்தார்கள். இரண்டாவதுக்கு இல்லை. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் கதை வேறு. மற்றவர்கள் ஆஸ்துமாவுக்குப் பயந்து முட்டையை விட வேண்டியதில்லை. எலிக்கும் அந்தப் புரதத்தைச் சும்மா ஊட்டினால் அலர்ஜி வராது, சகிப்புத்தன்மைதான் வளரும். அதனால் படிகாரத்தைப் போன்ற அலுமினியச் சேர்மத்தோடு கலந்து வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டு, உடம்பை முதலில் உசுப்பிவிடுகிறார்கள். இந்தக் காரணத்துக்காகவே பல ஆய்வாளர்கள் இன்று வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியின் சாற்றுக்கு மாறிவிட்டார்கள். மனிதருக்கு உண்மையாகவே இழுப்பு வரவழைக்கும் பொருள் அது, மூக்கு வழியாகவே கொடுக்கலாம், படிகாரமும் தேவையில்லை. எனக்கும் அதுதான் நேர்மையான முறையாகத் தோன்றுகிறது.

ஒரு சோதனை தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படி நடக்கும்?

ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் நாள்கணக்கு மாறும். நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஆறு சுண்டெலி. முதல் குழுவுக்கு அலர்ஜியும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டாவதுக்கு அலர்ஜி மட்டும். மூன்றும் நான்கும் அலர்ஜியோடு சோதனை மருந்தைக் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் பெறும். ஐந்தாவதுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அது வேலை செய்யும் என்று முன்பே தெரியும் என்பதால் அளவுகோலாக நிற்கிறது.

முதல் நாளும் பதினான்காம் நாளும் ஊசி. மூன்று வாரம் கழிந்ததும் எலிகளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, ஓவால்புமின் கரைசலை அரைமணி நேரம் புகையாக அனுப்புவோம், மூன்று நாள் தொடர்ந்து. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு முகமூடி வைத்துப் புகை பிடிக்கச் செய்வார்களே, அதே நெபுலைசர்தான். மருந்தை ஒவ்வொரு நாளும் புகைக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்துவிடுவோம்.

இங்கே ஒரு தவறு நடந்தது, என் கையாலேயே. பெட்டிக்குள் விட்ட எலிகள் பயத்தில் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். அடியில் மாட்டிய எலியின் மூக்குக்குப் புகை சரியாகப் போகாது. முதல் இரண்டு சோதனைகளில் இதைக் கவனிக்கவே இல்லை. ஒரே குழுவில் ஒரு எலிக்கு அழற்சி நிறைய, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. மருந்து வேலை செய்ததா, புகை போகவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அந்த முடிவுகளைத் தூக்கிப் போட்டோம். பெட்டியைத் தனித்தனி அறைகளாகத் தடுத்த பிறகுதான் எண்கள் நிதானத்துக்கு வந்தன. வீணாய்ப்போன அந்த எலிகளின் நினைப்பு எனக்கு இன்னும் உறுத்தும்.

கடைசிப் புகைக்கு ஒரு நாள் கழித்து, மயக்க மருந்தை அளவுக்கு மேல் கொடுத்து எலியின் உயிரை முடிக்கிறோம். மூச்சுக்குழலில் மெல்லிய குழாயைச் செருகி ஒரு மில்லிக்கும் குறைவான உப்புநீரை உள்ளே விட்டு மெதுவாக உறிஞ்சி எடுப்போம். நுரையீரலைக் கழுவிய அந்த நீரில் எந்தெந்த வெள்ளணு, குறிப்பாக ஈசனோபில், எத்தனை என்று எண்ணுவதுதான் முக்கியமான அளவு. ரத்தத்தில் ஐ.ஜி.இ, கழுவிய நீரில் ஐ.எல்-4, ஐ.எல்-5, ஐ.எல்-13 என்ற தூதுப் புரதங்கள், நுரையீரலைச் சீவி நிறமேற்றிய கண்ணாடி வில்லையில் சளி சுரக்கும் செல்கள், இவற்றையும் பார்ப்போம்.

ஈசனோபில் என்று என் ரத்த ரிப்போர்ட்டிலும் இருக்கிறதே, அதுவா இது?

அதே செல்தான். அலர்ஜி இல்லாத எலியின் நுரையீரல் நீரில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அலர்ஜி கொடுத்த எலியில் எண்ணுகிற செல்களில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்பு மணிகள் நிறைந்திருக்கும், எலியின் செல்லில் உட்கரு நடுவில் ஓட்டையோடு உளுந்துவடை மாதிரி வளையமாகத் தெரியும்.

உங்கள் ரிப்போர்ட்டில் அது கூடியிருந்தால் அலர்ஜி மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். குடற்புழுவும் கூட்டும், யானைக்கால் புழுவும் கூட்டும். "எனக்கு ஈசனோபிலியா" என்று சொல்லி வருஷக்கணக்கில் தும்மல் மாத்திரை வாங்குகிறவர்கள் எங்கள் கடைக்கே வருகிறார்கள். காரணத்தை ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

எலிக்குக் கொடுக்கும் அளவும் நாம் சாப்பிடும் அளவும் ஒன்றா?

இல்லை, பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலிக்குக் கிலோவுக்கு 10 மி.கி. செட்டிரிசின் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும், அதனால் எடையை மட்டும் வைத்துப் பெருக்கக் கூடாது. உடலின் மேற்பரப்பைக் கணக்கில் கொண்டு சுண்டெலியின் அளவை 12.3ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 0.81 மி.கி. என்று வரும். 60 கிலோ உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 49 மி.கி. நாம் ஒரு நாளைக்குப் போடுவதோ 10 மி.கி. மாத்திரை ஒன்று. எலியில் கண்ட பலன் நம் மாத்திரையைப் போல ஐந்து மடங்கு அளவில் கிடைத்த பலன். இதைப் படித்துவிட்டு யாரும் ஐந்து மாத்திரை போட்டுவிட வேண்டாம். அப்படிச் செய்தால் தூக்கமும் பக்கவிளைவும்தான் மிஞ்சும்.

சரி, எலியில் அழற்சி குறைகிறது என்பது உண்மைதானே? எனக்கு மட்டும் ஏன் போதாது?

உண்மைதான். எச்1 ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோதும் நுரையீரல் அலர்ஜி குறைந்தே இருந்தது. அந்த மாணவி பார்த்ததில் பொய் இல்லை. ஆனால் அவளுடைய எலிகள் பதில் சொன்னது வேறு கேள்விக்கு.

அந்த எலிக்கு மருந்து எப்போது போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அலர்ஜிப் புகைக்கு முன்பே. தொடங்காத அழற்சியைத் தடுப்பதற்கும், பத்து வருஷமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தூசியும் புகையும் இழுத்துத் தடித்துப்போன மூச்சுக்குழலைச் சரிசெய்வதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. அந்த எலிக்கு வயது எட்டு வாரம். நோய்க்கு வயது மூன்று நாள். வாரக்கணக்கில் அதே புகையைக் கொடுத்துக்கொண்டே போனால் எலி பழகிப்போய் அழற்சி தானாகவே தணிந்துவிடுகிறது. நமக்கு அப்படிப் பழகுவதில்லையே.

இன்னொரு காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி வைத்தேன். மாஸ்ட் செல் கொட்டும்போது ஹிஸ்டமினோடு வேறு பொருள்களும் வருகின்றன. 1938இல் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற ஆய்வாளர்கள் மெதுவாக, நீண்ட நேரம் தசையைச் சுருக்கும் ஒரு பொருளைக் கண்டார்கள். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் வந்த பிறகு பார்த்தால் அவை இதைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகு லூக்கோட்ரையீன் என்று பெயர் வந்தது. மனித மூச்சுக்குழலைச் சுருக்குவதில் ஹிஸ்டமினைவிடப் பலமடங்கு வல்லது அது. அதைத் தடுப்பதற்கு வந்ததுதான் மாண்டெலுகாஸ்ட். நம் கடைகளில் அதையும் லெவோசெட்டிரிசினையும் ஒரே மாத்திரையாக அள்ளி அள்ளி விற்கிறார்கள். அதுவும் இன்ஹேலருக்கு ஈடாகாது. மாண்டெலுகாஸ்ட் சாப்பிடும் பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடுகிறதா, மனநிலை மாறுகிறதா என்று கவனியுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை சேர்த்தது.

ஆஸ்துமாவுக்கு அடிப்படை மருந்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, தோல் தடிப்புக்கு அலர்ஜி மாத்திரை நல்ல மருந்து. இழுப்பு இருக்கும்போது அதையே நம்பி நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ மருந்துக்கடைக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மலையாளத்தில் இழுப்பை "வலிவு" என்பார்கள். அதை நம்மாட்கள் வலிப்பு என்று புரிந்துகொண்டு பதறியதை நான் பார்த்திருக்கிறேன். நாம் இழுப்பு என்பதும் அவர்கள் வலிவு என்பதும் ஒரே பொருள்தான்.

எச்4 ஏற்பிக்குப் புது மருந்து வருகிறது என்கிறார்களே?

ஹிஸ்டமின் போய் உட்காரும் இன்னொரு ஏற்பியான எச்4 2000ஆம் ஆண்டு வாக்கில் அடையாளம் காணப்பட்டது, நோயெதிர்ப்புச் செல்களில் அதிகம். அதைத் தடுக்கும் பொருள் சுண்டெலியில் அலர்ஜி அழற்சியை அழகாகக் குறைத்தது. ஆஸ்துமா நோயாளிகளிடம் அதே வகையில் ஒரு மருந்தைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

விலங்குகளுக்கு இது துன்பம் இல்லையா? யார் அனுமதி தருகிறார்கள்?

துன்பம்தான், மறைத்துப் பேச விரும்பவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் குழு ஒன்று விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் அங்கே பதிவு செய்ய வேண்டும், தனக்கென ஒரு நெறிமுறைக் குழுவும் வைத்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவர், வெளி நிறுவன அறிவியலாளர், அறிவியல் துறை சாராத பொதுமனிதர், அரசு நியமித்த உறுப்பினர் ஆகியோர் அதில் இருப்பார்கள். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பாய், வேறு வழியே கிடையாதா என்று கேட்பார்கள். எங்கள் குழுவில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை, "இந்தக் குறைந்த அளவுக் குழு எதற்கு, முந்தைய ஆய்விலேயே பதில் இருக்கிறதே" என்று கேட்டு ஆறு எலிகளைக் காப்பாற்றினார். கேள்வி நியாயமானது, எங்களிடம் பதில் இல்லை.

பழைய ஹிஸ்டமின் புகைச் சோதனையில் கினிப்பன்றி வலிப்புக்கு முந்தைய மூச்சுத் திணறல் கட்டத்தை எட்ட எத்தனை விநாடி என்று அளப்பார்கள். வலிப்பு வரும் முன்பே வெளியே எடுத்துக் காற்றில் விட வேண்டும். நல்ல ஆய்வாளர் கடிகாரத்தைவிட விலங்கின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு இழுத்து வயிறு ஒட்டத் தொடங்கினால் கை பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா?

ஒரு பகுதி முடியும், அது வளர்ந்துகொண்டும் வருகிறது. மனித மூச்சுக்குழல் செல்களை வளர்த்துச் சோதிக்கிறார்கள், சில்லில் (சிப்) நுரையீரலின் சிறு மாதிரி செய்கிறார்கள். 2023இல் இந்தியாவின் புதிய மருந்து விதிகளும் இம்முறைகளை ஏற்கும்படி திருத்தப்பட்டன. முழு உடம்பின் நோயெதிர்ப்பையும் சில்லில் கொண்டுவருவது இன்னும் கைகூடவில்லை. அதேநேரம், விலங்குச் சோதனை எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடும் என்பதும் கிடையாது. டெர்ஃபெனடின் என்ற தூக்கம் தராத அலர்ஜி மருந்து விலங்குச் சோதனைகளைத் தாண்டித்தான் சந்தைக்கு வந்தது. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத்துடிப்பைக் குலைத்தது. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஃபெக்சோஃபெனடின், உடம்புக்குள் டெர்ஃபெனடின் மாறுகிற அதே பொருள், இதயத்துக்கு அந்த ஆபத்து இல்லாமல்.

"எலிகளில் வெற்றி" என்று செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

மருந்து அலர்ஜிக்கு முன்பு கொடுக்கப்பட்டதா, பின்பா? அளவு என்ன? ஸ்டீராய்டோடு ஒப்பிட்டார்களா? அணுக்களை எண்ணியவருக்கு எந்த வில்லை எந்தக் குழு என்று தெரியுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மருந்துக் குழு என்று தெரிந்துவிட்டால், சந்தேகமான செல்லை ஈசனோபில் அல்ல என்று கண் ஒதுக்கிவிடும். வேண்டுமென்றே செய்வது அல்ல, எனக்கே நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வில்லைகளில் எண் மட்டும் ஒட்டி, பட்டியலை இன்னொருவரிடம் கொடுத்துப் பூட்டி வைத்துத்தான் எண்ணினேன்.

ஜீப் ஓட்டுகிறேன். எந்த அலர்ஜி மாத்திரை போடலாம்?

பழைய அலர்ஜி மருந்தான குளோர்ஃபெனிரமின் மூளைக்குள் புகுந்து தூக்கம் தரும். சளிக்கென்று வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கும். போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். ஃபெக்சோஃபெனடின், லோராட்டடின் பரவாயில்லை. ஃபெக்சோஃபெனடினைத் தண்ணீரோடு விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும்.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கே அலர்ஜி வருமா?

வரும். சுண்டெலியின் சிறுநீரில் உள்ள ஒரு புரதம் உலர்ந்து கூண்டுத் தூசியோடு பறக்கும், வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிறவர்களில் பலருக்கு ஒவ்வாமை பிடித்துவிடுகிறது. எனக்கு ஏழாவது வருஷம் வந்தது. கூண்டின் மரத்தூளை மாற்றும் திங்கட்கிழமைகளில் தும்மல், கண் எரிச்சல், பிறகு ராத்திரியில் இழுப்பு. ஆறு மாதம் செட்டிரிசினை மட்டும் போட்டுச் சமாளித்தேன். தும்மல் நின்றது, இழுப்பு நிற்கவில்லை. மருத்துவர் இன்ஹேலர் கொடுத்த மூன்றாம் வாரம்தான் நடுவில் எழாமல் தூங்கினேன். மாணவர்களை இப்போது முகக்கவசம் இல்லாமல் கூண்டறைக்குள் விடுவதில்லை.